முப்பது செக்கனுக்குள் வந்தவர்கள்

குட்டி வீடியோ போட்டு ஆள் சேர்க்கிற தொழிலில், முதல் மாதம் முழுக்க அந்த வீடியோக்களைப் பார்க்கிறவர் உங்களுடைய அம்மா ஒருவர்தான். அவரும் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார். இதைப் படித்துத் தலையாட்டுகிறவர்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு அச்சகத்தில் கல்யாணக் காட் வடிவமைத்துக்கொண்டிருந்தவள். அச்சகத்தை மூடியதும் கையில் இருந்த போனையே தொழிலாக்கினேன். கடைகளுக்குப் போய் முப்பது செக்கன் வீடியோ எடுத்துப் போடுவேன். விளம்பரத்துக்குக் காசு கட்டி ஆள் பிடிப்பதில்லை, தானாக வருகிறவர்கள்தான் நிலைத்து நிற்பார்கள் என்று கடைக்காரர்களிடம் அடித்துச் சொல்வேன். அதைச் சொல்லும்போது என் குரல் நடுங்காது. உள்ளே நடுங்கும்.

பிழையாகப் போன கை

முதலில் பிடித்த கடை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிற மலர் அக்காவின் தையல் கடை. பிளவுஸ் தைப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. ஆறு கிழமையாக, ஒன்றரை மாதம், விதவிதமான கழுத்து, முதுகில் முடிச்சு, மணி வேலை என்று வெளிச்சம் போட்டு வடிவாக எடுத்துப் போட்டேன். பார்த்தவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம். இருக்கை மிஞ்சியிருக்கும்.

ஒரு நாள் போனை ஸ்டாண்டில் ஓட விட்டுவிட்டு மறந்துபோனேன். அந்த நேரம் ஒரு பெண் அளவு பார்க்க வந்தாள். இரண்டு நாளில் அவளுடைய அக்காவின் கல்யாணம். பிளவுஸைப் போட்டவளால் கையைத் தூக்க முடியவில்லை. வலது கையும் இடது கையும் மாறித் தைபட்டிருந்தன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மலர் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு, வடிவாகப் பார்த்தார். பிழை தன்னுடையதுதான் என்றார். அவளை இருக்கச் சொல்லிவிட்டு, சவர பிளேடை எடுத்துத் தையலை வரிவரியாகப் பிரிக்கத் தொடங்கினார். போனில் எல்லாம் பதிவாகியிருந்தது. அந்தப் பெண்ணின் முகம் வராதபடி வெட்டி, இருவரிடமும் கேட்டுவிட்டு, அதைப் போட்டேன்.

அடுத்த நாள் காலை கிருலப்பனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போனைப் பார்த்தேன். எண்ணிக்கையை முதலில் நம்பவில்லை. இலக்கங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். கடைக்குப் போனால், பழைய பிளவுஸும் கையுமாக நாலு பெண்கள் வாசலில் நிற்கிறார்கள். மலர் அக்கா சந்தோசப்படவில்லை. வெளிறிப்போய் நின்றார். என்னை உள்ளே இழுத்துக் கேட்டார்: "ஆறு கிழமையா நல்லாத் தைச்சதைக் காட்டினம், ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை. நான் பிழை விட்டதைப் பாக்கவோ பிள்ளை உலகம் காத்திருந்தது?"

மஞ்சள் ரோசாப்பூ

ஆட்கள் சேர்ந்தால் திட்டுகிறவர்களும் சேர்வார்கள், உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு வாய்த்தவர், வீடியோ ஏறி ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார். படம் ஒரு மஞ்சள் ரோசாப்பூ, பெயர் வாயில் நுழையாத நாலு எழுத்து. "கழுத்தை இடியப்பத் தட்டு வைத்து வரைந்தீர்களா?" என்று எழுதுவார். உடனே மலர் அக்காவுக்காகச் சண்டை பிடிக்க ஐம்பது பேர் பாய்வார்கள். அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஆளைத் தடுத்துவிடுவோம் என்றேன். ஆர் என்று தெரியாமல் தடுக்க வேண்டாம் என்றார்.

பிறகு ஒரு நாள் ரோசாப்பூ, அளவு பார்க்கிற மூலையில் காற்றாடி இல்லை என்று எழுதியது. திரைக்குப் பின்னால் இருக்கிற அந்த மூலை எந்த வீடியோவிலும் வந்ததில்லை. ஆக, திட்டுகிறவர் உள்ளே வந்து போகிற ஆள். அன்றிலிருந்து அக்கா ஊசி கோக்கும்போதுகூட வாடிக்கையாளர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல்மாடியில் இருக்கிற இராசம் ரீச்சர் பின்னேரங்களில் வந்து கதைத்துக்கொண்டிருப்பார். கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். இந்த வீடியோக்கள் எப்படி ஓடுகின்றன என்று கொப்பியும் பேனையுமாக என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டவர். அன்று அவர் வந்திருந்த நேரம், நான் ரோசாப்பூவுக்கு மரியாதையாக ஒரு பதில் அனுப்பினேன். வெட்டுமேசையில் கிடந்த ரீச்சரின் போன் மணியடித்தது. தற்செயல் என்று நினைத்து இன்னொன்று அனுப்பினேன். திரும்பவும் அடித்தது. எட்டிப் பார்த்தால் திரையில் என் வசனம். மலர் அக்கா கத்தரிக்கோலை மெதுவாக மேசையில் வைத்தார். ரீச்சர் அசையவே இல்லை. "நல்லாயிருக்கு எண்டு எழுதினா ஒருத்தரும் திரும்பிப் பாக்கினமில்லை, திட்டினா அம்பது பேர் வருகினம். ஆக்கள் எழுத எழுதத்தான் வீடியோ மேல போகும் எண்டு நீர்தானே சொன்னீர்?"

கட்டாரில் இருந்தவர்

கொட்டாஞ்சேனையில் றிஸ்வான் நானாவின் பலூடாக் கடைக்கு எடுத்த வீடியோ சின்ன விசயம்தான்: பாலுக்குள் சிவப்புப் பாணி இறங்குகிறது, அவ்வளவு. பின்னால் மூலை மேசையில் ஒருவர் இருந்து பலூடா குடிப்பதை நான் கவனிக்கவும் இல்லை, அவரிடம் கேட்கவும் இல்லை.

அடுத்த கிழமை அங்கே இன்னொரு வீடியோவுக்குப் போயிருந்தேன். அபாயா போட்ட ஒரு பெண் சின்ன மகளைக் கையில் பிடித்தபடி வந்தார். போனைத் தூக்கிச் சுவரையும் மேசையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மூலை மேசையில் போய் இருந்தார். படத்தில் இருக்கிறவர் எப்போது வருவார் என்று மட்டும் கேட்டார். நானா யோசிக்காமல், அஸர் தொழுகை முடிந்ததும் வருவார் என்றார். அவர் என் மாப்பிள்ளை, இவளுடைய வாப்பா, இரண்டு வருசமாகக் கட்டாரில் வேலை, புத்தளத்திலிருந்து வருகிறேன் என்றார் அந்தப் பெண். நானாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

நானா சொன்ன நேரத்துக்கு அந்த ஆள் வந்தார். வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பிள்ளை ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டது. மூன்று மாதத்துக்கு முன்பே கம்பனி திருப்பி அனுப்பிவிட்டதாம். சொல்ல முகமில்லாமல் மருதானையில் அறை எடுத்து, மூட்டை ஏற்றி இறக்கும் வேலை செய்திருக்கிறார். கடை முழுக்கச் சண்டைக்குக் காத்திருந்தது. அந்தப் பெண் பக்கத்துக் கதிரையை இழுத்து அவரை இருக்க வைத்தார். பிறகுதான் கேட்டார்: "வேல போனத சொல்லியிருக்கலாமே. 'இங்க சரியான வெயில், புள்ளய வெளிய விடாத' எண்டு கொட்டாஞ்சேனையில இருந்தா எனக்கு வொய்ஸ் அனுப்பின நீங்க?"

மூன்று செக்கன்

அதன்பிறகு கடைக்குள் இருக்கிற ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். ஆனால் கண்ணாடிக்கு வெளியே ரோட்டில் போகிறவரிடம் எப்படிக் கேட்பது?

ஒரு காலை மலர் அக்காவின் கடைக்கு ஒரு அம்மா வந்தார். வவுனியாவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். போனை நீட்டினார். எங்கள் வீடியோ, ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒரு ஆண், இடது தோளை இறக்கிக்கொண்டு நடந்து போகிறார். மூன்று செக்கன்தான். யுத்தத்தின் கடைசிச் சண்டையில் காணாமல் போன மகன் இப்படித்தான் நடப்பான் என்றார். கையில் மகனின் பள்ளிக்கூடப் படம் இருந்தது.

போனில் மிச்சமிருந்த நீளமான பதிவைத் தேடி எடுத்தேன். அதில் அந்த ஆள் ஒரு தரம் திரும்புகிறார். மலர் அக்காவுக்கு உடனே ஆளைத் தெரிந்தது. ஒழுங்கை முனை ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிற சுனில் அய்யே, அதாவது சுனில் அண்ணன். சிங்களவர், தமிழ் தெரியாது. அதை அம்மாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் எழும்பவில்லை. நேரில் ஒருக்கால் பார்க்கலாமா என்று கேட்டார்.

மலர் அக்கா போய்க் கூப்பிட, சுனில் அய்யே வந்தார். நான் சிங்களத்தில் விசயத்தைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒருக்கால் நடந்து காட்டச் சொல்லுங்கோ என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை, கையால்தான் காட்டினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒழுங்கையின் முனை வரை நடந்தார், திரும்பி நடந்து வந்தார். அம்மா வாசலில் நின்று பார்த்தார். பிறகு அவரைக் கும்பிட்டார். அவரும் கும்பிட்டார்.

வீடியோவை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் இல்லைத்தான். எண்டாலும் அழிச்சுப் போடாதேங்கோ பிள்ளை. அந்த மூண்டு செக்கனும் அவன்தான்."

புதிதாகக் கதைக்க வருகிற கடைக்காரர்கள் எல்லாரும் எப்படியான ஆட்கள் வருவார்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள், தெரியாது என்று நான் உண்மையைச் சொன்னதும் தொழில் தெரிந்த இன்னொருத்தியைத் தேடிப் போய்விடுகிறார்கள்.