அண்ணன் தொங்கிப் பார்த்த ஸ்டியரிங்

எங்கள் அண்ணனுக்கு எதையும் கனமாகச் செய்துதான் பழக்கம். அவர் செய்து கொடுத்த இரும்புக் கட்டிலை நகர்த்த இன்றும் நான்கு ஆள் வேண்டும் என்பது இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர் பலருக்குத் தெரியும். அவர் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அழுதுகொண்டே எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்பதால் முடிந்தவரை சிரித்தபடி எழுதுகிறேன்.

ரிஷிவந்தியத்தில் அம்மாவின் தாய்வீட்டில் பிறந்து, நைனார்பாளையத்தில் வளர்ந்தவர். அப்பா காலமானபோது அண்ணன் ஒன்பதாம் வகுப்பு. நான் தவழும் குழந்தை. படிப்பை விட்டுவிட்டு கள்ளக்குறிச்சியில் வெல்டிங் பட்டறையில் சேர்ந்தார். பிறகு ஊரிலேயே சொந்தப் பட்டறை வைத்து, கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லர்கள் செய்தார். இளம்பிள்ளை வாதத்தில் என் இடது கால் சூம்பிப்போனதால், பள்ளிக்கும் கல்லூரிக்கும் என்னைச் சைக்கிளில் வைத்து மிதித்தவரும் அவர்தான்.

எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம். பேருந்துப் படி எனக்கு ஏற முடியாத உயரம். வேலையை விட்டுவிடச் சொன்னவர்கள் உண்டு. அண்ணன் தினமும் பட்டறையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் என்னை மலையேற்றினார். மழைக்காலம் முழுக்க இருவரும் நனைந்தோம். ஒரு நாள், "நீயே ஓட்டிக்கினு போவணும் பாப்பா" என்றார். கார் ஓட்டக் கற்றுத்தர வந்த இருவர் என் காலைப் பார்த்ததும் கைவிரித்துவிட்டார்கள். உடனே அண்ணன் வீட்டிலேயே ஒரு கார் செய்ய ஆரம்பித்தார்.

எஞ்சினும் ஸ்டியரிங்கும் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தன. மற்றதெல்லாம் அண்ணன் கைவேலை. கிளட்சைக் கையால் இழுக்க ஒரு லீவர் வைத்தார். பதிவெண் வாங்க முடியாத வண்டி. எங்கள் கரும்புக் கொல்லைப் பாதையில் நான் பழகுவதற்கு மட்டும். ஸ்டியரிங்கைத் தாங்குவதற்காக, முன்பக்கம் குறுக்கே ஒரு சட்டம் பொருத்த வேண்டியிருந்தது. கார்தானே, எடை குறைவாக இருக்கட்டும் என்று வாழ்நாளில் முதன்முறையாக மெல்லிய பைப்பை எடுத்தார்.

ஒரே வாரத்தில் சட்டம் வளைந்து, ஸ்டியரிங் என் மடியை நோக்கி இறங்கிவிட்டது. வெட்டியெடுத்து மறுபடி பற்றவைத்தார். மறுபடி இறங்கியது. மூன்றாம் முறை தன் கையின்மீதே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஓட்டிக்கினு இருக்கும்போது கையோட வந்துட்டா இன்னா பண்றது?" என்று சொல்லி, காரைப் பிரித்துவிடப் போவதாக அண்ணியிடம் கூறினார். அன்று சரியாகச் சாப்பிடவும் இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். ஏறும்போது என் உடம்பு முழுவதையும் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் தூக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் பார்க்கும்போது மட்டும் கதவைப் பிடித்துச் சமாளிப்பேன். எனக்கு ஏறவே சிரமம் என்று தெரிந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார் என்ற பயம். இனியும் சொல்லாவிட்டால் காரே போய்விடும் என்பதால் பட்டறைக்குப் போனேன்.

"அண்ணா, உங்க வெல்டிங் நல்லாத்தான் இருக்குது. நான்தான் டெய்லி ஸ்டியரிங்க புடிச்சி தொங்கிக்கினு ஏறுறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார், கீழே உட்கார்ந்து சிரித்தார். அண்ணிக்குக் கோபம். ஏறுவதற்குத் தனியாக ஒரு கைப்பிடி வைத்தால் போயிற்று என்றார்.

"அவ கை எங்க போவுதோ அது தாங்கணும். வேற ஒண்ண தேடிப் புடின்னு நாம ஏன் சொல்றது?" என்றார் அண்ணன்.

டிரெய்லருக்கு வைத்திருந்த கனத்த இரும்பை எடுத்து அளந்து வெட்டினார். இரண்டு பக்கமும் தடித்த தகடு வைத்து போல்ட் போட்டு முடுக்கினார். நடுவில் காரின் அடித்தளம்வரை ஒரு முட்டும் கொடுத்தார். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்துத் தானே தொங்கினார். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்ததே தவிர சட்டம் அசையவில்லை. என்னையும் தொங்கவிட்டார். அண்ணியைக் கூப்பிட்டார், அண்ணி வெட்கப்பட்டு வரவில்லை. தொங்கியிருக்கலாமே என்று இப்போது சொல்லிச் சொல்லி வருந்துகிறார்.

அந்தக் காரில் பழகித்தான் உரிமம் வாங்கினேன். பிறகு பதிவெண் உள்ள பழைய கார் ஒன்றை வாங்கி அதற்கும் லீவர் பொருத்தினோம். வாங்குமுன் அண்ணன் அதன் ஸ்டியரிங்கிலும் தொங்கிப் பார்த்ததில் விற்க வந்தவர் பதறிப்போனார். முதல் நாள் மலைக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். கரியாலூர் தாண்டியதும் குறட்டை கேட்டது. எனக்கு அவ்வளவு பெருமை.

சிறுநீரகம் பழுதான கடைசி ஆண்டில் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனதும் நான்தான். ஒரு நாள்கூட மெதுவாகப் போ என்று சொன்னதில்லை. அண்ணா, நீங்கள் இல்லாத பக்கத்து இருக்கை எனக்கு இன்னும் பழகவில்லை.

கவனித்துக்கொண்ட மருத்துவர், செவிலியர்களுக்கும், பட்டறையை மூடாமல் நடத்தும் தொழிலாளர்களுக்கும், துக்க வீட்டுக்குச் சாமை அரிசி மூட்டையோடு மலையிறங்கி வந்த என் மாணவர்களின் பெற்றோருக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி. இன்று எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பேருந்து கிடைக்காதவர்கள் என்னிடம் சொல்லுங்கள். எந்த ஊரானாலும் நானே கொண்டுவந்து விடுகிறேன்.