சின்ன அண்ணன் பிரிக்க விடாத வீடு

கரியமாணிக்கத்தில் எங்கள் பெற்றோருக்கு இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தவர் சின்ன அண்ணன். கைக்குழந்தையாக இருந்தபோது கண்ட காய்ச்சலில் வலது கையும் காலும் சூம்பிப்போயின. பேச்சும் சில சொற்களோடு நின்றுவிட்டது. மீசை முளைத்த பிறகும் குளிப்பாட்டவும், வேட்டி கட்டிவிடவும், சோறு பிசைந்து தரவும் ஆள் வேண்டும். பெற்றோர் மறைந்த பின் அந்தப் பொறுப்பு பெரிய அண்ணனுக்கும் பெரிய அண்ணிக்கும் எனக்கும் என் மனைவிக்கும் வந்தது. மீசை ஒதுக்குகிற நாளில் அவர் செய்கிற அலட்டலுக்கு முன்னால் புது மாப்பிள்ளை தோற்றுப்போவார்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பெரிய அண்ணனும் நானும் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சோற்றுக்கு வாயைத் திறப்பார். ஏரோட்டப் போன நான் வரத் தாமதமானால் சோறு ஆறிப்போகும், அவர் அசைய மாட்டார்.

கழனியில் கரும்பு வைப்பதா நெல் வைப்பதா என்று எனக்கும் பெரிய அண்ணனுக்கும் வந்த தகராறு முற்றி, பாகம் பிரிப்பது என்றாயிற்று. பாகப் பத்திரம் எழுதிப் பதிந்து தருகிற நோத்தேரிடம் நாளும் கேட்டுவிட்டோம். அதற்குள் வீட்டில் உலை இரண்டானது.

“சின்னவன் ஆறு மாசம் இந்தப் பக்கம், ஆறு மாசம் அந்தப் பக்கம் இருக்கட்டும். இன்னா இப்போ?” என்றார் எங்கள் தாய்மாமன்.

அன்று பெரிய அண்ணி வைத்த சோற்றின் முன் உட்கார்ந்து, “தம்பி?” என்றார் சின்ன அண்ணன். காலை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்து, “அண்ணன்?” என்றார். இரண்டு இடத்திலும் சாப்பிடவில்லை. மறுநாளும் அப்படியே. கெஞ்சினேன், அதட்டினேன், கடைசியில் அழுதேன்.

சாயங்காலம் பெரிய அண்ணி கடப்பாரையோடு வந்து, எங்கள் பக்கம் புதிதாகப் போட்டிருந்த அடுப்பை இடித்தார். என் மனைவி மண்ணைக் கூடையில் அள்ளினாள்.

“மொறச்சிக்கினே இருங்கப்பா, வேணாங்கல. ஒரே வரிசையில குந்தி மொறச்சிக்குங்க,” என்றார் அண்ணி.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவருக்கு இரு பக்கமும் உட்கார்ந்தோம். சின்ன அண்ணன் வயிறு முட்டச் சாப்பிட்டார். கழனியில் பாதி கரும்பு, பாதி நெல் என்று பிறகு முடிந்தது. நோத்தேரிடம் யாரும் போகவில்லை.

சென்ற ஐப்பசி அடைமழையில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்த சின்ன அண்ணன் எழுந்திருக்கவில்லை. பாகூரிலிருந்து சேற்றில் நடந்து வந்து மருந்து கொடுத்த வைத்தியருக்கும், எங்கள் நடவைத் தங்கள் வேலையாக முடித்துத் தந்த பக்கத்துக் கழனிக்காரர்களுக்கும், கரையாம்புத்தூரிலிருந்து வந்து துக்கத்தில் கூட நின்ற சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அவர் இல்லாமல் வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

கருமாதி முடிந்ததும் தாய்மாமன் மெதுவாகச் சொன்னார்: “இனிமே தடையில்ல. பிரிச்சிக்கிறதுன்னா பிரிச்சிக்குங்கப்பா.”

பெரிய அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவன் இல்லன்றதே எங்களுக்கு இன்னும் வெளங்கல மாமா. அத அப்புறம் பேசிக்கலாம்.”

ஆண்டு ஒன்று ஆகிறது. இன்னும் பேசவில்லை.