காளிகண்டகி அறுத்த சுவர்

நேமத்தான்பட்டி நாகவல்லிக்கு ஐம்பது வயதுவரை மலை என்றால் குன்றக்குடிதான். யாத்திரைக் கூட்டங்களுக்குச் சமைக்கப் போக ஆரம்பித்த பிறகுதான் காசி, கயா என்று ஊர் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்திரையில், முக்திநாத் போகும் கூட்டத்தோடு நேபாளம் போனாள்.

காளிகண்டகி ஆற்றோரமாகப் போன பஸ் பாதியில் நின்றது. முன்னால் மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது.

"சாயங்காலம் ஆயிரும்போல. இங்கயே உலை வச்சிருவமா?" என்றார், கூட்டத்தை அழைத்துவந்த அழகுசுந்தரம்.

"இந்தக் காத்துல அடுப்பு எங்கிட்டு நிக்கும்ணே?"

பகல் ஏற ஏற அந்தப் பள்ளத்தாக்கில் காற்று ஆளையே தள்ளியது. பற்றவைக்கப் பற்றவைக்க அடுப்பு அணைந்தது. உள்ளூர் டிரைவர் சற்றுத் தள்ளியிருந்த ஒரு பாறைச் சுவரைக் காட்டினார். அதன் மறைவில் அடுப்பை மாற்றி, அரிசியைப் போட்டுவிட்டு நாகவல்லி நிமிர்ந்தாள்.

சுவரா அது? கோபுரம்மேல் கோபுரம் வைத்ததுபோல் வானத்துக்குப் போனது. அதன் முகமெல்லாம் வரிவரியாகத் தூண்கள். தூண்களுக்கு நடுவே புறாக்கூடு மாதிரிக் குகைகள். கையை வைத்தாள். வழுவழுவென்று உருண்டைக் கற்கள், கண்ணுக்கெட்டிய உயரம்வரை பதிந்திருந்தன.

"அண்ணே, இங்குட்டு வாங்க! ஆத்துக் கல்லு சுவத்துக்குள்ள இருக்கு!"

அழகுசுந்தரம் டிரைவரிடம் இந்தியில் கேட்டார். பதிலைக் கேட்டதும் அவர் குரல் தணிந்துவிட்டது. "ஒரு காலத்துல ஆறு அம்புட்டு உசரத்துலதான் ஓடுச்சாம். அறுத்து அறுத்துக் கீழ இறங்கிருச்சாம்."

நாகவல்லி கீழே பார்த்தாள். சாம்பல் நிறத்தில் மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது ஆறு. நூறு நாள் வேலையில் ஊரே திரண்டு ஒரு கோடை முழுக்கக் கண்மாயில் மண் அள்ளியும் முழங்கால் ஆழம் இறங்கியதில்லை. இந்தத் தண்ணி தனியாளாக ஒரு மலையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது! அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது.

சோறு அடிப்பிடித்துவிட்டது. அவள் கைச்சோறு தீய்ந்தது அன்றைக்குத்தான். தட்டோடு வந்தவர்களும் அண்ணாந்தபடியே தின்றார்கள்.

ஊருக்கு வந்து சொன்னபோது புருஷன் வீரணன் சிரித்தார். "மலைன்னா மலைதானடி, அதுல என்னத்தக் கண்ட?" மறுவருஷம் அதே யாத்திரைக்குக் காய் நறுக்க ஆள் தேவைப்பட்டது. அவரையே கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த இடம் வந்ததும் பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள். வாய் ஓயாத மனுஷன், இறங்கி அண்ணாந்து பார்த்தவர் பார்த்தபடி நின்றார்.

"என்ன சொல்றீக இப்ப?"

வீரணன் குனிந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.