நாற்பது பேர் கேட்ட பாட்டு

என் மாமாவின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்ததற்குக் காரணம் நான்தான் என்பது எங்கள் குடும்பத்தில் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். அந்த மூவரில் ஒருத்தி கல்யாணப் பெண்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. ஷார்ஜா ரோலாவில் நாலாவது மாடியில் குடியிருந்தோம். வாப்பா, உம்மா, நான். ஹாலில் பாதியைத் திரை போட்டுத் தடுத்த இடத்தில் உம்மாவின் தம்பி, அதாவது என் மாமா. மெத்தைக் கம்பெனியில் வேன் டிரைவர். வாரத்தில் நாலு நாள் அல் ஐனுக்கு டியூட்டி. அந்த வேனின் ரேடியோ ஒரே ஒரு ஆங்கில நிலையத்தைத்தான் பிடிக்கும். அதில் காலையில் ஒரு மணி நேரம் பேர் தெரியாத பாடகர்களாகப் போடுவார்கள். அமெரிக்காவில் ஏதோ சின்னச் சின்ன ஊர்களில், எந்தப் பெரிய கம்பெனியையும் நம்பாமல், ஒரு கிட்டாரும் மவுத் ஆர்கனுமாக வீட்டுக்குள்ளேயே பாடிப் பதிவு செய்தவர்கள். நாட்டுப்புறப் பாட்டில் கொஞ்சம் ராக் கலந்த மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் மணலாகக் கிடக்கும் அந்த ரோட்டுக்கு இதுதான் பாட்டு என்பார் மாமா. ஒரு வரியும் அவருக்குப் புரியாது. ஆனாலும் சொக்கிப் போய்விட்டார்.

என் பிறந்தநாளுக்கு வாப்பா டேப்லட் வாங்கித் தந்ததும் மாமாவுக்கு யோகம் அடித்தது. அந்த மாதிரிப் பாடகர்கள் தாங்களே பாட்டு ஏற்றுகிற ஒரு தளத்தைத் தேடிப்பிடித்தேன். வெள்ளிக்கிழமை காலையில் வாப்பா குளித்து ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்வரை எங்கள் வேட்டை நடக்கும். ஒவ்வொரு பாட்டுக்குக் கீழேயும் எத்தனை முறை கேட்கப்பட்டது என்று ஒரு எண் இருக்கும். நூறைத் தாண்டியிருந்தால் மாமா உதட்டைப் பிதுக்குவார். "இவன் பெரிய ஆளாயிட்டான். நமக்கு வேணாம்." அறுபது, எழுபது என்றால் முகம் மலரும். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா மாமனும் மருமவளும் யாரு கதறுறதைக் கேக்குறீங்க?" என்பாள் உம்மா, அடுப்படியிலிருந்து.

அந்த வருஷம்தான் ஊரில் மாமாவுக்குப் பெண் பேசி முடித்தார்கள். கடலோரத்தில் இருக்கிற எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு மாமியாக வரப்போகிறவளுக்கும் பச்சை வாசல் கதவு வைத்து ஒரு வீடு கட்டி முடித்திருந்தார்கள். பெண் ஆங்கில இலக்கியம் படித்தவள் என்று உம்மா டெலிபோனில் ஊரெல்லாம் பெருமையடித்தாள். அதன் பலாபலனை நானோ மாமாவோ யோசித்துப் பார்க்கவில்லை.

நிக்காஹ் முடியும்வரை மாப்பிள்ளை பெண்ணோடு பேசக்கூடாது. ஆனால் மாப்பிள்ளையின் ராத்தா மகள், அதாவது அக்கா மகளான நான், பேசலாம். ஆகவே தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து நான் மாமிக்கு மெசேஜ் அனுப்புவேன். அதில் நைஸாக மாமாவின் பாட்டுகளும் போய்ச் சேர்ந்தன. பாட்டைக் கேட்டு அதன் பொருளை மாமாவுக்குச் சொல்வதும், இது அனுப்பலாம், இது வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்வதும் என் வேலை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒரு வெள்ளிக்கிழமை, நாற்பது என்று எண் போட்ட ஒரு பாட்டு கிடைத்தது. பாடியவனின் பின்னால் ஒரு நாய் குரைப்பதுகூடக் கேட்டது. பாலைவன ரோட்டில் லாரி ஓட்டுகிறவனின் பாட்டு. "மாமா, இது நீங்கதான்! டிரைவர், மணல், தூரத்துல ஒரு வீடு, எல்லாம் இருக்கு" என்று கத்தினேன். மாமாவுக்குக் கண் பளபளத்தது. "நாப்பது பேருதான் கேட்டிருக்கான். யல்லா, அனுப்பு" என்றார்.

கடைசிச் சரணத்தை நான் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. கேட்டேன். 'வாசல் விளக்கை எனக்காக எரியவிடாதே, நான் எப்போது வருவேனோ தெரியாது' என்று அவன் பாடுகிறான். கரன்ட் செலவைப் பற்றியது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மறுநாள் மாமியிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. "கடைசி வரிகளை மாமாவுக்குச் சொன்னாயா?"

சொல்லவில்லை என்றால் என் உத்தியோகத்துக்கு இழுக்கு. "சொன்னேன் மாமி. அவருக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று அடித்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகு மாமி வாயே திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ஊரிலிருந்து போன். பெண் யோசிக்க வேண்டும் என்கிறாளாம், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறாளாம். உம்மா அழுதாள். கல்யாணத்துக்காக மாமா லீவு எழுதிக் கொடுத்து, மாமிக்குத் துணிமணி வாங்கி அடுக்கிய பெட்டி திரைக்குப் பின்னால் கிடந்தது. மாமா அதைத் தாண்டித் தாண்டி நடந்தார். அன்று சாயங்காலம் கீழே நின்ற வேனுக்குள் ஏறி, அழுதுகொண்டே எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். கடைசிச் சரணத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"நான்தான் தப்பா அனுப்பிட்டேன்னு மாமிக்கு எழுதட்டுமா?" என்றேன்.

"வேணாம்மா. நான் சொல்றதை அப்படியே எழுது" என்றார். முதன்முதலாகப் பாட்டை விட்டுவிட்டுத் தன் சொந்த வார்த்தையில் சொன்னார். "அர்த்தம் தெரியாமத்தான் அனுப்புனேன். ஆனா அதுல பொய் இல்ல. டிரைவர் விசாவுல குடும்பத்தைக் கூட்டிட்டு வர முடியாது. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க ரெண்டு மாசம்தான் லீவு. இதை உங்க வீட்ல சொல்லியிருப்பாங்கன்னு இருந்துட்டேன். நானே சொல்லியிருக்கணும். இப்ப சொல்லிட்டேன். உங்க இஷ்டம்."

எனக்கு மகா கோபம். பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்கிறேன், கல்யாணம் கையில் வந்து நிற்கிறது, இந்த மனுஷர் போய் இருக்கிற சங்கடத்தையெல்லாம் ஒப்பிக்கிறாரே! ஆனாலும் ஒரு எழுத்து மாற்றாமல் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. நான் வாசிக்க மாமா நின்றுகொண்டே கேட்டார்.

"வாசல் என்னுடையது, விளக்கும் என்னுடையது. அதை எரியவிடுவதா அணைப்பதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். அவரை வரச்சொல்."

மாமா சிரித்தார். அப்புறம் துணிப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒரு விளக்குக்காக இவ்வளவா என்று எனக்கு ஆச்சரியம்.

அந்தக் குதூகலத்தில் பாட்டை இன்னொரு தரம் போடலாம் என்று டேப்லட்டைத் திறந்தேன். நாற்பதில் இருந்த எண் தொண்ணூற்றேழில் நின்றது. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அமெரிக்காவில் யாரோ அவனைக் கண்டுபிடித்துவிட்டார்கள், இன்னும் நாலு பேர் கேட்டால் அவனும் பெரிய ஆள், நமக்கு ஆகமாட்டான் என்று மாமாவிடம் வருத்தத்தோடு சொன்னேன். ஒரே ஆள் ஊரில் தனியாக உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டாலும் அந்த எண் ஏறும் என்று எனக்கு அப்போது தெரியாது.