சந்தனம் வைத்த பெடல்

நின்றுகொண்டிருக்கும் சைக்கிளிலிருந்து விழுவது எப்படி என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் என்னிடம் கேட்கலாம். என் நாற்பத்தைந்தாவது வயதில், கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு சிக்னலில், இரண்டு டவுன் பஸ் நிறைய ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க அப்படி விழுந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, பிரேக் பிடித்தேன், வண்டி ஒழுங்காக நின்றது. நின்ற பிறகு, ஸ்டாண்டு போட மறந்த வண்டியைப் போல நிதானமாகச் சாய்ந்தேன். பள்ளம் இல்லை, யாரும் இடிக்கவில்லை, நான் குடித்திருக்கவும் இல்லை. இந்த மூன்றில் கடைசியைத்தான் என் அலுவலகத்தில் ஒருவரும் நம்பவில்லை.

காரணம் என் பெடல். சாதாரணப் பெடலில் காலை வைக்கிறோம், எடுக்கிறோம். நான் மாட்டியிருந்தது மலைச் சைக்கிள்களுக்கென்று செய்த பெடல். அதற்குத் தனி ஷூ உண்டு. ஷூவின் அடியில் அரைத் தீப்பெட்டி அளவுக்கு ஓர் இரும்புத் துண்டைத் திருகியிருப்பார்கள். பெடலில் ஸ்பிரிங் வைத்த இரும்புத் தாடை இருக்கும். காலை வைத்து அழுத்தினால் தாடை அந்த இரும்புத் துண்டை ‘டக்’கென்று கவ்விக்கொள்ளும். அதன் பிறகு மிதிக்கும்போதும் வண்டி போகும், காலைத் தூக்கும்போதும் போகும். விடுபட வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கமாக ஒரு திருகு திருக வேண்டும். வித்தை அவ்வளவுதான். அதைச் சிக்னலுக்கு முன்னால் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். இதன் ஆங்கிலப் பெயருக்குக் கிளிப் இல்லாத பெடல் என்று அர்த்தம். ஆளைக் கிளிப் போட்டு மாட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஒரு பொருளுக்கு அப்படிப் பெயர் வைத்தவர் ஏதாவது அரசு அலுவலகத்தில் இருந்திருக்க வேண்டும். நானும் ஒன்றில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்த பழைய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் இதைப் பற்றிப் படித்தேன். யாரோ ஒரு புண்ணியவான் இதைப் பனியிலும் சேற்றிலும் பாறையிலும் வருடக்கணக்கில் போட்டு அடித்து, இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்திருந்தார். அச்சில் வந்ததை நம்புவது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உள்ள வியாதி. சென்னையில் தெரிந்தவரிடம் சொல்லி வரவழைத்து மாட்டினேன். எங்கள் ஊரில் பனி கிடையாது. மலை என்று சொல்லிக்கொள்ளக் கேப்பர் மலை இருக்கிறது. அதில் ஏறி இறங்கிய பிறகு, ஏறினோம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

இரண்டாவது முறை விழுந்தது முதுநகரில், ஒரு மீன்கார அம்மாவின் கூடைக்குள். மூன்று பெண்கள் சேர்ந்து என்னை வண்டியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நசுங்கிய சங்கரா மீனை எல்லாம் நானே வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். வீட்டில் இரண்டு நாள் மீன் குழம்பு. இரண்டாம் நாள், குழம்பை ஊற்றிக்கொண்டே என் மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

“நீங்களா ஏறி நீங்களா எறங்குற வரைக்கும் அந்த வண்டி வூட்ல இருக்கட்டும். இன்னொரு வாட்டி வுழுந்தாலோ, யாராச்சும் புடிச்சு எறக்கி வுட்டாலோ, மறுநாளே பழைய இரும்புக்குப் போவும். சும்மா சொல்லல.”

அவள் எதையும் சும்மா சொன்னதில்லை. நான் ஆசையாக வாங்கிய டம்பெல்ஸ் ஜோடியும், பாதிப் பாட்டில் தொண்டை அடைக்கும் டேப் ரிக்கார்டரும் அந்தக் கடைக்குப் போன வழி எனக்கு நன்றாகத் தெரியும்.

சாதாரணப் பெடலை மாட்டித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஊரே கேட்டது. கேட்டதால்தான் மாட்டவில்லை. மஞ்சக்குப்பத்து சைக்கிள் கடைக்காரர் என் பெடலைக் கையில் எடுத்து, குழந்தைக்கு ஜுரமா என்று பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நம்ம ஊர் உப்புக் காற்றுக்கு இது மூன்று மாதம் தாங்கினால் ஜாஸ்தி என்றார். அந்த நிமிடத்திலிருந்து அது பெடல் இல்லை, என் கட்சி.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை போய் வந்தேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், வெள்ளாற்றுப் பாலம் என்று போகும் சாலை. பாலத்தில் எதிர்க்காற்று ஆளை நிறுத்திவைத்து விசாரணை செய்யும். மற்றவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். நான் இறங்க மாட்டேன். இறங்கத் தெரியாததுதான் காரணம் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள், பேசட்டும். ஒரு கால் மிதிக்க மறு கால் இழுக்க, அந்தக் காற்றில் நான் போனது எனக்குத் தெரியும். இரண்டு மழைக்காலம் போயிற்று. செயின் துருப்பிடித்து மாற்றினேன். பெல் ஊமையானது. சீட்டு கிழிந்தது. பரங்கிப்பேட்டைப் பக்கத்து உப்பங்கழிச் சேறு பெடலின் தாடைக்குள் புகுந்து மண்டியது. குழாயடியில் காட்டிக் கழுவி, ஸ்பிரிங்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். அதற்குமேல் அது எதையும் கேட்கவில்லை. கையால் சுழற்றினால் சத்தமில்லாமல் சுற்றியது. தேய்ந்தது என்று பார்த்தால் ஷூவுக்கு அடியில் இருந்த இரும்புத் துண்டுதான், அதுவும் அலுவலக மொசைக் தரையில் டக் டக்கென்று நடந்ததால். ஒன்றரை வருடம் நான் ஒருமுறைகூட விழவில்லை.

அப்படி இருக்கும்போது 2009ஆம் வருடத்து ஆயுத பூஜை வந்தது.

வீட்டில் அரிவாள்மனை, மிக்ஸி, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு என் மனைவி வாசலுக்கு வந்தாள். நான் அப்போது ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். பாக்கெட் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்திருந்தாள். அந்தப் பாக்கெட்டில் மரத்தூள், களிமண், பசை எல்லாம் சேர்ந்திருக்கும், சந்தனமும் கொஞ்சம் இருக்கலாம். ஹேண்டில்பாருக்கு வைத்தாள், முன் சக்கரத்துக்கு வைத்தாள், குனிந்து பெடல்களுக்கும் வைத்தாள். வெறும் பொட்டாக வைத்திருந்தால் இந்தக் கதை இல்லை. பெடலின் தாடையில் சந்து சந்தாக இருந்ததைப் பார்த்து, உடைந்துபோயிருக்கிறது என்று நினைத்து, நான்கு பக்கமும் அப்பி அழகாக அடைத்துவிட்டாள். தீராத விரோதத்தோடு தொடங்கி இரண்டு வருடத்தில் அந்தப் பெடலுக்கு அவள் காட்டிய முதல் அன்பு அது. பார்த்துக்கொண்டிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. ஈரச் சந்தனத்தில் இரண்டு காலும் பதவிசாகப் போய் உட்கார்ந்துகொண்டன.

வழியில் நிற்க வேண்டிய அவசியம் வரவில்லை. வெயில் ஏறியது. சிதம்பரத்தில் வடக்கு வீதியிலிருந்து கீழ வீதிக்குத் திரும்பியபோதுதான் குதிகாலைத் திருகினேன். திரும்பவில்லை. மறு காலைத் திருகினேன். அதுவும் இல்லை. நாற்பது சொச்சம் கிலோமீட்டர் வெயிலில் பாக்கெட் சந்தனம் சிமெண்டாக இறுகியிருந்தது.

கீழ வீதியில் என் மச்சான், மனைவியின் தம்பி, ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். வாழைக்கன்று கட்டிய வாசலில் பொரிகடலைத் தட்டோடு என்னை வரவேற்க நின்றுகொண்டிருந்தான். வந்துவிடுகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு அவனைத் தாண்டிப் போனேன். வேறு வழி இல்லை. நின்றால் விழுவேன், விழுந்தால் பழைய இரும்பு. தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று கோயிலை வலப்பக்கம் விட்டுச் சுற்றினேன். ஒரு சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். மூலைக்கு மூலை கடைக்காரர்கள் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். குங்குமம் கலந்த சதையும் விதையும் சாலை முழுக்க வழுக்கிக் கிடந்தது. அன்றைக்குச் சிதம்பரத்தில் விழாமல் சைக்கிள் ஓட்டுவது காலை எடுக்கத் தெரிந்தவனுக்கே கஷ்டம்.

முதல் சுற்று முடிந்து கடையைத் தாண்டும்போது, கால் மாட்டிக்கொண்டது என்று சொல்ல மட்டும்தான் நேரம் இருந்தது. இரண்டாவது சுற்று முடிந்தபோது அவன் தன் மொபெட்டில் தயாராக இருந்தான். பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தான். என் பெடலைக் குனிந்து பார்த்தான்.

“இன்னா மாமா இது, ஜெராக்ஸ் மிஷினுக்கே கண்ணாடி மேல பொட்டு வெக்க மாட்டோம். இதுக்கு யாரு அப்புனது?”

“உங்க அக்கா.”

அக்காவைப் பற்றி அவனுக்கும் தெரியும். பிறகு, வண்டியைப் பிடித்துக்கொள்கிறேன், நிறுத்துங்கள் என்றான். பிடித்தால் போச்சு, அதுதான் ஒப்பந்தம் என்றேன். மேல வீதியில் இன்னொரு யோசனை சொன்னான்.

“ஷூவ அவுத்துட்டு எறங்கிடுங்களேன். அதுல யாரும் புடிக்கலயே.”

யோசனையில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் இரண்டு வருடமாக ஊரையே எதிர்த்து நின்ற மனிதன், ஷூ ரெண்டையும் பெடலில் தொங்கவிட்டு, சாக்ஸோடு கீழ வீதியில் இறங்கி நிற்பதா? பெடல் காலை விடவில்லை என்று அதைவிடத் தெளிவாகப் போஸ்டர் ஒட்ட முடியாது.

“அவுக்க மாட்டன். அது வுடும். வுடலன்னா ராத்திரி வரைக்கும் சுத்துவன்.”

“சுத்துங்க. நான் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தினி பேருன்னு சொல்லிட்டு வரன்.”

போனவன், மூன்றாவது சுற்று முடியும்போது ஒரு குடம் தண்ணீரோடு வந்தான். குடத்தை மொபெட்டின் முன்னால் முழங்கால்களுக்கு இடையில் இடுக்கியிருந்தான். தண்ணீர் ஊற்றுவது இறக்கிவிடுவதில் சேருமா என்று தெற்கு வீதியில் விவாதித்தோம். சேராது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அவன் ஒரு கையால் வண்டி ஓட்டிக்கொண்டு, மறு கையில் சொம்பால் மொண்டு மொண்டு என் கால்களில் ஊற்றிக்கொண்டே வந்தான். இந்தப் பக்கம் கொஞ்சம், சுற்றிவந்து அந்தப் பக்கம் கொஞ்சம். மேல வீதியில் ஒரு குடும்பம் ஒதுங்கி வழிவிட்டது. வடக்கு வீதியில் வயதான ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் வணக்கம் வைக்கவில்லை. குதிகாலைத் திருகுவதிலேயே முழு கவனமும் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பத்திரிகையில் எழுதிய புண்ணியவானைத் திட்டவும் செய்யாமல் திருகினேன்.

கீழ வீதிக்குத் திரும்பி, கடைக்கு இருபது அடி இருக்கும்போது, வலது காலில் ஓடு உடைவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மஞ்சள் சில்லு ஒன்று தெறித்துப் போனது. கால் வெளியே வந்துவிட்டது. பிரேக் பிடித்து ஊன்றினேன். ஊன்றிய இடம் பூசணிக்காய். ஷூ ஒரு முழம் வழுக்கிக்கொண்டு போனது. வண்டி சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். மச்சான் கையை நீட்டினான். தொடாதே என்று கத்தினேன். கத்திய வேகத்திலோ என்னவோ, இடுப்பில் எங்கோ ஒன்று பிடித்துக்கொள்ள, நின்றேன். இடது கால் இன்னும் பெடலில், வலது கால் பூசணியில், வாழ்க்கையில் அவ்வளவு கோணலாக நான் நின்றதில்லை. ஆனால் நின்றேன். இடது காலும் இரண்டு நிமிடத்தில் வந்தது. ஊரைப் பார்த்து நிமிர்ந்து நின்றுகொண்டேன்.

மச்சான் அங்கேயே அக்காவுக்கு போன் போட்டான். பொய் சொல்லத் தெரியாதவன், அதுதான் எனக்குப் பயம். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். வுழல, நான் புடிக்கல, தண்ணி மட்டும் ஊத்துனன் என்றான். கடைசியில் போனை என்னிடம் நீட்டினான்.

“சரி, இருக்கட்டும்” என்றாள். அவ்வளவுதான். சந்தனத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதன் பிறகும் அந்தப் பெடல்கள் என்னிடம் மூன்று வருடம் உழைத்தன. இரண்டு ஜோடி டயரும் ஒரு சக்கரமும் போயின, பெடல் போகவில்லை. மூன்று மாதம் கெடு வைத்த கடைக்காரர் அதற்குள் கடையை மாற்றி செல்போன் விற்கப் போய்விட்டார். உப்புக் காற்றோ சேறோ அதைக் கொல்லவில்லை. எங்கள் வீட்டு பக்தியால்கூட அதைக் கொல்ல முடியவில்லை. வெளிநாட்டில் எவன் இப்படி ஒரு பரீட்சை வைத்தான்?

அதுவரை பெடல் தாங்கிய பரீட்சைகளை எல்லாம் அன்றைக்கே கீழ வீதியில் நின்று மச்சானிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். கடைக்குப் பக்கத்தில் பூ விற்கும் அம்மா நான் போன ஒவ்வொரு சுற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர். நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, பூவைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

“நாலு சுத்து ஆயிருக்கு சார், நான் எண்ணிக்கினுதான் இருந்தன். நாலோட நிறுத்தக் கூடாது, ஒத்தப்படைல முடிக்கணும். இன்னொண்ணு சுத்திட்டு வந்துருங்க.”