பைன் மரத்துக் குளவியும் வெருகல் முசுறும்

சந்தேகத்தின்பேரில் ஒரு பூச்சியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு என் உத்தியோகத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்து மரக்கிடங்கில் எனக்கு அதுதான் வேலை. கப்பலில் வரும் பைன் பலகையும் வெருகல் பக்கத்துக் காட்டிலிருந்து லொறியில் வரும் முதிரை மரக் குற்றியும் நான் பூச்சி பார்த்த பிறகுதான் வெளியே போகும்.

வாலில் ஊசி

ஒருநாள் பனிநாட்டுப் பலகைக் கட்டொன்றை அவிழ்த்தபோது, விரல் நீளத்தில் ஒரு நீலக் குளவி வெளியே வந்தது. பின்பக்கம் கோணி ஊசிபோல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சுமை இறக்கியவர்கள் எல்லாரும் விலகிவிட்டார்கள். அந்த ஊசி மரத்தைத் துளைத்து முட்டையிடத்தான், ஆளைக் குத்தாது என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். அதைக் கையில் விட்டும் காட்டினேன்.

சல்லிக் கிராமத்திலிருந்து வரும் கங்காணி கந்தையா அண்ணை தள்ளி நின்றபடியே சொன்னார்: "நீங்கள் படிச்சது சரி ஐயா. குளவியும் அதைப் படிச்சிருக்க வேணுமே."

பெரியவரின் விளக்கம்

இரண்டு நாட்டுப் பூச்சிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கொழும்பிலிருந்து மேலதிகாரி வந்தார். குளவியைப் போத்தலில் பார்த்தார். பிறகு, கொப்பும் இலையுமாக வந்திருந்த முதிரைக் குற்றியில் காலை வைத்துக்கொண்டு விளக்கத் தொடங்கினார். அந்த இலைகளுக்குள் முசுறு கூடு கட்டியிருந்தது. சிவந்த எறும்புகள் காற்சட்டைக்குள் ஏறியதும் மனிதர் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார். காற்சட்டை யன்னலால் வந்து விழுந்தது. கதவுக்குப் பின்னால் விளக்கம் மட்டும் நிற்கவில்லை.

"குளிர்நாட்டுப் பூச்சி வருசக்கணக்கில மரத்துக்குள்ள பொறுமையா இருக்கும். எங்கட ஆளுக்குப் பொறுமை கிடையாது. காற்சட்டையை நல்லா உதறித் தாங்கோ."

கலியாண அலுமாரி

கிண்ணியாத் தச்சர் உதுமான் காக்கா எங்கள் பைன் பலகையில் தன் மகளுக்குக் கலியாண அலுமாரி செய்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்று, அலுமாரிக் கதவைத் துளைத்துக்கொண்டு ஒரு குளவி வெளியே வந்துவிட்டது. யாரோ செய்வினை செய்திருக்கிறார்கள், கலியாணம் வேண்டாம் என்று மாப்பிள்ளையின் தாயார் எழும்பிவிட்டாராம். காக்கா கலங்கிப்போய் வந்து, அவர்கள் புறப்படுமுன் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

பலகையாக வரும்போதே புழு உள்ளே இருந்தது, வளர்ந்து வெளியே வந்திருக்கிறது, காய்ந்த மரத்தில் இனி முட்டையிடாது என்று அந்த அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் மெல்லத் திரும்பவும் கதிரையில் இருந்தார். இவ்வளவு காலமும் சத்தமில்லாமல் உள்ளேயே இருந்ததா, நல்ல குணம், வருகிற மருமகளும் அப்படி இருந்தால் போதும் என்றார். காக்காவுக்கு மூச்சு வந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து மணப்பெண் என்னிடம் சொன்னாள்: "கடைசியில ஓட்டை போட்டுக்கிட்டுத்தான் வெளிய வந்திச்சு எண்டதையும் மாமிக்கிட்டச் சொல்லுங்க."

பனிநாட்டுப் பூச்சி பயங்காட்டும், எங்கள் காட்டுப் பூச்சி கடித்தே காட்டும், இரண்டுக்காகவும் சமாதானம் சொல்லித் திரிகிறவனுக்குப் பெயர்தான் பூச்சி உத்தியோகத்தர்.