மைக்செட் விட்டுக்கொடுத்த இடம்

எங்கள் தையல் கூடத்தில் காலர் தைத்தவளுக்கு மைக்செட் என்று பட்டப்பெயர். பத்து மிஷின் ஓடினாலும் அவள் குரல்தான் மேலே கேட்கும். பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுகைக்காகத் துணிக்கட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரிப்போம். எங்கள் எட்டுப் பேருக்கும் அவள்தான் தொழவைப்பாள். ஆண்களின் இமாம் மாதிரி முன்னால் போய் நிற்கமாட்டாள். பெண்களுக்குப் பெண் தொழவைத்தால் வரிசையின் நடுவில்தான் நிற்க வேண்டும். எனக்கு எழுத்து தெரியாது. அவள் ஓதக் கேட்டே குர்ஆனில் நாலு சூரா மனப்பாடமானது.

அவளுக்குத் தொண்டையில் புற்று வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். வேலைக்குத் திரும்பியவள் பழையபடி நடுவில் போய் நின்றாள். உதடுதான் அசைந்தது.

"நீ ஓதுக்கா" என்றாள் பட்டன் தைப்பவள் என்னிடம்.

"நான் மாட்டேன். அவ இடத்தையும் பிடுங்கிட்டா அவளுக்கு என்னடி மிச்சம்?"

"நேரம் போகுதுக்கா. உன் பிடிவாதத்த அப்புறம் வச்சுக்க."

மைக்செட்டின் பக்கத்தில் நின்றபடியே ஓதினேன். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டேன். உடனே அவள் தன் புறங்கையில் தட்டினாள். தொழுகையில் தவறு நேர்ந்தால் பெண்கள் அப்படித்தான் உணர்த்துவார்கள். விட்ட வரிக்குத் திரும்பப் போய்ச் சரியாக ஓதினேன்.

மறுநாள் அவளே என் தோளைப் பிடித்து நடுவில் நிறுத்திவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போனாள்.

"அங்க எங்கடி போற? என் பக்கத்துலயே நில்லு" என்றேன்.

முடியாது என்று தலையாட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதுகொண்டேதான் ஓதி முடித்தேன்.